ஒரு லென்ஸுக்குப் பரீட்சை

"இது நல்ல லென்ஸ்" என்று அடித்துச் சொல்கிறவர்களிடம், "எதனால் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் விலையைச் சொல்வார்கள். மிச்சமுள்ளவர்கள் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்வார்கள். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டால் சம்பளத்தைச் சொல்கிற வழக்கம் காமிராவுக்கும் வந்துவிட்டது. "இது கெட்டுப்போன லென்ஸ்" என்கிறவர்களின் நியாயம் இதைவிடச் சுருக்கமானது. படம் மங்கலாக வந்தது. ஆகவே லென்ஸ் கெட்டுவிட்டது. விசாரணை கிடையாது, நேரே தீர்ப்புத்தான்.

உண்மையில் ஒரு படம் மங்குவதற்குக் குற்றவாளிகள் பல பேர் இருக்கலாம். லென்ஸ் ஒருவன். காமிராவின் உடம்பு இன்னொருவன். நடுங்குகிற கை, கொதிக்கிற காற்று, பார்க்கிற கண் என்று வரிசை நீளும். ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி விசாரித்தால்தான் உண்மை தெரியும். அப்படி ஒரு விசாரணையை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலுமாக நான் நடத்த வேண்டி வந்தது. கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு நின்றுவிட்ட உனக்கு அதற்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். வழக்கில் சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பும் என்னை நம்பின. அந்த ஒரு யோக்கியதைதான்.

திண்டிவனத்தில் எனக்கு வேண்டிய ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது. பாஸ்போர்ட் அளவுப் படம், கல்யாண ஆல்பம் எல்லாம் இப்போது மகன் பொறுப்பு. பெரியவர் மட்டும் பிலிமை விடவில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையாவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் அங்கே வாங்கிய ஜெனிட்-இ காமிராவும், அதனோடு வந்த இண்டஸ்டார் லென்ஸும்தான் அவருடைய சொத்து. இரண்டும் சோவியத் நாட்டுச் சரக்கு. மாதம் ஒரு சுருள் எடுப்பார்; வீட்டுப் பின்கட்டில் உள்ள இருட்டறையில் தாமே கழுவிப் பார்ப்பார்.

இரண்டு வருஷமாக அவருடைய படங்கள் துலக்கமாக வரவில்லை. "லென்ஸ் செத்துப்போச்சு தம்பி" என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சென்னையில் ஒரு கடைக்கு எடுத்துப் போனாராம். கடைக்காரர் இரண்டு நெகடிவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் போய்விட்டது என்று சொல்லி, காயலான் கடை விலை கேட்டிருக்கிறார். பெரியவர் கொடுக்கவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

மகனுக்கு வேறு சந்தேகம். "அப்பா டிவிஎஸ்ஸை எடுத்துக்கிட்டு ராத்திரியில மயிலம் ரோட்டுல வராரு, அண்ணா. எதிர்ல வர்ற லைட்டெல்லாம் கண்ணைக் குத்துதுன்னு திட்டிக்கிட்டே வராரு. போன மாசம் படியில இறங்கும்போது கடைசிப் படியை விட்டுட்டாரு. கண்ணைக் காட்டலாம்னா, 'கெட்டது லென்ஸு, என் கண்ணு இல்லே'ன்னு கத்தறாரு. நீங்க அந்த லென்ஸைச் சோதிச்சு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஒரு லென்ஸின் நல்லது கெட்டதில், ஒரு மனிதர் இருட்டில் பத்திரமாக வீடு வந்து சேர்வது அடங்கியிருந்தது.

லென்ஸை ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பாசஞ்சர் ரயிலில் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று விழுப்புரம் வந்து சேரும் வரையில் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. கனம் தெரியவில்லை. நூறு கிராம்கூட இல்லாத சாமான். ஒரு புளிப்பு மிட்டாய் டப்பாவின் மூடி அளவுதான் தடிமன். இண்டஸ்டார்-50-2 என்று அதற்குப் பெயர். குவியத் தூரம் 50 மில்லிமீட்டர்; முழுத் துவாரம் எஃப் 3.5. தானாகப் போகஸ் செய்கிற மோட்டார் கிடையாது. துவாரத்தைச் சுருக்குவதும் கையால்தான். ஒரு வளையத்தைத் திருப்பினால் கண்ணாடி முன்னும் பின்னும் நகரும்; எப்போது நிறுத்துவது என்று மனிதன் தீர்மானிக்க வேண்டும்.

இதன் வம்சம் பெரிய வம்சம். 1902-ல் ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் என்பவர் டெஸ்ஸார் என்ற லென்ஸை வகுத்தார். முன்னால் ஒரு கண்ணாடி, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டை ஒன்றாக ஒட்டியது. மொத்தம் நாலு கண்ணாடிதான். கிரேக்க மொழியில் நாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கழுகின் கண் என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். நாலே கண்ணாடியில் இவ்வளவு துலக்கம் கிடைக்கிறதே என்று உலகம் முழுவதும் அதைப் பார்த்துச் செய்தார்கள். சோவியத் நாட்டில் செய்ததற்கு இண்டஸ்டார் என்று பெயர் வந்தது. சிக்கனமான குடும்பம். நாலு பேரை வைத்துக்கொண்டு நாற்பது பேர் வேலையைச் செய்தால் எங்கேயாவது இடிக்கத்தானே செய்யும்? டெஸ்ஸாருக்கு ஓரங்களில் இடிக்கும். அது பிறவிக் குணம், கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. பரீட்சைக்கு முன்னால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாழை மரம் தேக்கு மாதிரி இல்லை என்று மார்க்கைக் குறைத்துவிடுவோம்.

முதல் காரியமாக இருட்டில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கடற்காற்றின் ஈரம் எட்டுகிற நம் பக்கத்து ஊர்களில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சைதான். சிலந்தி வலை போலக் கண்ணாடி மேல் படர்ந்து மேற்பூச்சைத் தின்றுவிடும். ஒட்டின கண்ணாடிகளுக்கு இடையில் பசை விட்டுப்போனாலும் வானவில் மாதிரித் தெரியும். இரண்டும் இல்லை. மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை டப்பாவுக்குள் போட்டே பெரியவர் காப்பாற்றியிருக்கிறார்.

அடுத்தது சுவர்ப் பரீட்சை. என் அக்கா மகன் விழுப்புரத்தில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன். அவனிடம் இந்தக் காலத்து டிஜிட்டல் காமிரா இருக்கிறது. நடுவில் ஒரு இணைப்பு வளையம் போட்டால் பழைய லென்ஸ் அதில் மாட்டிக்கொள்ளும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் தமிழ்ப் பத்திரிகைத் தாள்கள் ஐந்தை, நடுவில் ஒன்றும் நாலு மூலைக்கு ஒவ்வொன்றுமாக ஒட்டினோம். இரண்டரை மீட்டர் தள்ளி நின்றால் இந்த லென்ஸ் ஏறக்குறைய ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள சுவரைப் பார்க்கும். காமிரா கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் ஒரு மூலை மங்கிப்போய், அந்தப் பழி லென்ஸ் மேல் விழும். அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சுவரின் நடுவில் ஒரு கைக்கண்ணாடியைத் தட்டையாக வைத்து, காமிரா வழியாகப் பார்க்க வேண்டும். லென்ஸின் பிம்பமே படத்தின் நட்ட நடுவில் தெரிந்தால் காமிரா சுவருக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். ஸ்டாண்டில் இறுக்கி, கை படாமல் இரண்டு விநாடி கழித்துத் தானே படம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தோம். ஒவ்வொரு துவாரத்துக்கும் போகஸைக் கலைத்து மறுபடி வைத்து மூன்று மூன்று படம். மூன்றில் சிறந்ததுதான் கணக்கு. லென்ஸ் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. நாங்கள் போகஸ் வைப்பதில் எவ்வளவு சமர்த்தர் என்பதல்ல.

இந்த மாதிரிச் சோதனைக்கென்றே அச்சிட்ட அட்டைகள் இருக்கின்றன. அமெரிக்க விமானப் படை 1951-ல் வகுத்தது ஒன்று பேர்பெற்றது. மும்மூன்று கோடுகளாகப் போட்டு, படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். எந்தப் படியில் மூன்று கோடும் ஒன்றாகக் குழம்புகிறதோ அங்கே லென்ஸின் வல்லமை முடிகிறது. ஆனால் தமிழ்ப் பத்திரிகை அதற்கு இளைத்ததல்ல என்பது என் அபிப்பிராயம். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். மெய்யெழுத்துக்குத் தலைமேல் ஒரு புள்ளி. தாள் முழுவதும் நூற்றுக்கணக்கான புள்ளிகள் தூவிக் கிடக்கின்றன. லென்ஸைச் சோதிப்பதற்குப் புள்ளியைவிட நல்ல பொருள் இல்லை. ஒரு புள்ளியைப் புள்ளியாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதுதானே கடைசியில் லென்ஸுக்கு நாம் கொடுக்கும் கேள்வித்தாள்?

விடை இப்படி வந்தது. முழுத் துவாரத்தில், நடுவில் இருந்த தாளில் புள்ளிகள் உருண்டையாக, எழுத்தை விட்டுத் தனியே நின்றன. மூலைகளில் புள்ளிக்கு வால் முளைத்திருந்தது. சின்ன வால்நட்சத்திரம் போல ஒவ்வொன்றும் படத்தின் வெளிப்பக்கமாக வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நாலு மூலையிலும் ஒரே மாதிரி வால். இது முக்கியம். ஒரு மூலை நன்றாக இருந்து எதிர் மூலை கெட்டிருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது, எங்கேயோ கீழே விழுந்த லென்ஸ் என்று சொல்லலாம். நாலும் ஒத்துப்போனால் அது பிறவிக் குணம். எஃப் 5.6-க்குச் சுருக்கியதும் வால் பாதியாயிற்று. எஃப் 8-ல் மூலையும் நடுவும் ஏறக்குறைய ஒன்று. எஃப் 11-லும் குறையில்லை. எஃப் 16-ல் மூலை, நடு என்ற பேதமில்லாமல் எல்லாமே கொஞ்சம் மழுங்கின.

துவாரத்தைச் சுருக்கச் சுருக்கத் துலக்கம் கூடிக்கொண்டே போகாமல், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஏன் குறைய வேண்டும்? ஒளி அலையானதால், குறுகலான வாசலில் நுழையும்போது ஓரத்தில் வளைந்து பரவுகிறது. எஃப் 16-ல் ஒரு புள்ளி, எவ்வளவு உயர்ந்த லென்ஸானாலும், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். காசு கொடுத்து இதை மாற்ற முடியாது. நம் சி.வி. ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, நீள்சதுரத் துவாரத்தில் ஒளி வளைவதைப் பற்றி எழுதிய கட்டுரை 1906-ல் இங்கிலாந்தில் 'பிலசாபிகல் மேகசின்' பத்திரிகையில் வந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அவருடைய முதல் கட்டுரையே அதுதான்.

ராத்திரியில் இன்னொரு பரீட்சை. என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து விளக்குகள் வரிசையாகத் தெரியும். சென்னைக்கு ஒன்று, திருச்சிக்கு இரண்டு வழி, காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று என்று பல திசைத் தண்டவாளங்கள் கூடுகிற இடமானதால் விளக்குக்குப் பஞ்சமில்லை. கறுப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளிகள். பத்திரிகையை அப்படியே திருப்பிப் போட்டது போல. பகலில் சொன்ன விடையையே லென்ஸ் ராத்திரியிலும் சொல்லிற்று. விளக்கைச் சுற்றி லேசாக ஒரு ஒளிப் புகை இருந்தது. பழைய காலத்து ஒற்றை மேற்பூச்சு அவ்வளவுதான் தாங்கும்.

மயிலம் கோவில் குன்றை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று விடியற்காலையில் ஒரு தடவையும், நடுப்பகலில் ஒரு தடவையும் எடுத்தேன். காலைப் படத்தில் கோபுரத்துப் பொம்மைகளின் கைகள் தனித்தனியே தெரிந்தன. பகல் படத்தில் கோபுரமே தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. அதே லென்ஸ், அதே துவாரம், அதே ஸ்டாண்டு. நடுவில் இருந்த காற்றுதான் வேறு. வெயில் காய்ந்த வயல்மேல் எழுகிற சூட்டுக் காற்று எந்த லென்ஸையும் அவமானப்படுத்திவிடும்.

ஆக லென்ஸ் நிரபராதி. இனி மிச்சமிருப்பவை ஜெனிட் காமிராவும் பெரியவரும்தான்.

ஜெனிட் மேல் சந்தேகப்பட நியாயம் இருந்தது. அந்த மாதிரிக் காமிராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பி, சொரசொரப்பான ஒரு திரையில் விழச் செய்கிறது. அதைப் பார்த்துத்தான் போகஸ் வைக்கிறோம். லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரமும் பிலிமுக்கு உள்ள தூரமும் மயிரிழை பிசகினாலும், கண்ணுக்குத் துலக்கமாகத் தெரிவது பிலிமில் மங்கும். ஆனால் காமிராவின் குற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரே பக்கமாகத்தான் தவறு செய்யும். முன்னால் என்றால் எப்போதும் முன்னால். பின்னால் என்றால் எப்போதும் பின்னால். யார் கையில் கொடுத்தாலும் அப்படியே. மனிதனுடைய தடுமாற்றத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

திண்டிவனத்துக்குப் போய் அந்தக் கடைசிப் பரீட்சையை வைத்தேன். தையல்காரருடைய அங்குல டேப் ஒன்றை ஒரு நீளப் பலகையில் ஒட்டி, ஸ்டூடியோ மேஜைமேல் சாய்வாக வைத்தோம். 30 என்ற எண்ணில் போகஸ் வைக்க வேண்டும். முழுத் துவாரம். காமிரா ஸ்டாண்டில். முப்பத்தாறு படமுள்ள ஒரு சுருளை மூன்று பாகமாக்கினோம். முதல் பன்னிரண்டு பெரியவர். அடுத்த பன்னிரண்டு நான். கடைசிப் பன்னிரண்டு அவர் மகன். ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெரியவர் உற்சாகமாகத்தான் எடுத்தார். "லென்ஸு செத்ததை மூணு பேரும் பார்க்கத்தான் போறீங்க" என்றார்.

சுருளை அவரே கழுவினார். அவருடைய விரல்களுக்கு வெளிச்சம் தேவையில்லை. காய்ந்ததும் ஆறு ஆறாக வெட்டி, விளக்குப் பெட்டிமேல் பரப்பி, பூதக்கண்ணாடியை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கடைசித் துண்டிலிருந்து ஆரம்பித்தான். மகன் எடுத்தவற்றில் 29-க்கும் 31-க்கும் நடுவிலேயே எல்லாத் துலக்கமும் நின்றது. என்னுடையவை 28-லிருந்து 32 வரையில். முதல் துண்டுகளுக்கு வந்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. 24. 36. 27. 35. 37. 30. மறுபடி 25.

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்னாலும் போகிறது, பின்னாலும் போகிறது. காமிராவானால் ஒரே பக்கம் போயிருக்கும். லென்ஸானால் மூன்று பேருக்கும் கெட்டிருக்கும்.

"லென்ஸு நல்லாத்தான் இருக்கா தம்பி?"

"நல்லா இருக்கு, ஐயா. முழுத் துவாரத்துல ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல். 8-ல வெச்சா ஒரு குறையும் இல்லே."

"அது நான் வாங்கின அன்னிக்கே அப்படித்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மகனைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரிடா சொன்னே?" என்று கேட்டார்.

கையால் போகஸ் செய்கிற லென்ஸில் கண்ணாடிகள் நாலு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்த விசாரணையிலிருந்து நான் ஐந்து என்று எண்ணுகிறேன். ஐந்தாவது, பார்க்கிறவனுடைய கண்ணுக்குள் இருக்கிறது. கண்புரை அதை ஒரே நாளில் மூடுவதில்லை. கறுப்பையும் வெள்ளையையும் சிறிது சிறிதாகச் சாம்பலாக்கும். எதிரே வரும் விளக்கைச் சிதறடிக்கும். மெல்ல மெல்ல நடப்பதால், உலகம்தான் மங்கிவிட்டது என்று மனிதன் நினைத்துக்கொள்கிறான்.

கண் ஆஸ்பத்திரியிலும் அவருக்கு ஒரு சுவர்ப் பரீட்சைதான் வைத்தார்கள். ஹாலந்து தேசத்து டாக்டர் ஸ்னெல்லன் 1862-ல் வகுத்த எழுத்து அட்டையின் வழிவந்தது அது. ஆறு மீட்டர் தூரத்தில், ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடுகளால் ஆன எழுத்தைப் படித்துவிட்டால் கண்ணுக்கு முழு மார்க். நான் தொட்டிச் சுவரில் ஒட்டின பத்திரிகைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கெட்டுப்போன கண் லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கும் யோசனை லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற டாக்டருக்கு வந்தது. யுத்தத்தில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடப்பதை அவர் கவனித்திருந்தார். 1949-ல் அதே பொருளில் லென்ஸ் செய்து ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். ஆனால் வெகுகாலம் அது ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை அதே ஊரில் தொடங்கி, அந்த லென்ஸை நம் நாட்டிலேயே குறைந்த விலைக்குச் செய்ய ஆரம்பித்தது. இண்டஸ்டாரைவிடச் சின்ன லென்ஸ். சாதாரணமாக வைப்பதற்குப் போகஸ் வளையம் கிடையாது. தூரத்துக்கு என்று வைத்தால் தூரம்தான். புத்தகம் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியவருக்கு முதலில் வலது கண்ணில் வைத்தார்கள். கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றி மூடிக்கொண்டு, பின்திரைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீலம் தம்பி, இது! இந்தக் கண்ணுக்கு இன்னும் பழுப்பாத்தான் தெரியுது. இத்தனை நாளும் துணி வெளுத்துப்போச்சுன்னு இவனைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் எழுதிக்கொண்டு போயிருந்த பரீட்சை முடிவை ஒரு தாளில் நல்ல பிரதியாக எழுதிக் கொடுத்தேன். விற்பதானால் வாங்குகிறவனுக்குக் காட்டலாமே என்று எண்ணம். ஓரம் மங்கல் என்ற வரியை வேண்டுமானால் எடுத்துவிடட்டுமா என்று மகன் கேட்டான்.

"அதை எடுக்காதே" என்றார் பெரியவர். "எங்கே மங்கும்னு தெரிஞ்சாத்தான் அதை வெச்சுப் படம் எடுக்க முடியும். முகத்தை நடுவுல வை. ஓரத்துல வானத்தை விடு."

தாளை நாலாக மடித்து லென்ஸோடு தகர டப்பாவில் போட்டு மூடினார். விற்கிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள். அதுவரையில் பொழுது சாய்ந்தால் வண்டிச் சாவி மகனிடம் இருப்பதென்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.